கூர்மையும் தூரமும்: மார்பகப் புற்றுநோய்க்கான பொசிட்ரோன் படமும் கண்டி மலையகமும்



2016ஆம் ஆண்டில் இந்த நாட்டு மக்கள் ஓர் இயந்திரத்துக்காகக் காசு சேர்த்தார்கள். மஹரகம அரச புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் எனப்படும் பொசிட்ரோன் ஸ்கான் கருவி வாங்க 20 கோடி ரூபாய் வேண்டும் என்று கதீஜா அறக்கட்டளை கேட்டது. இனம், மதம் பாராமல் சின்னச் சின்னத் தொகைகளாகக் கொடுத்தார்கள். கேட்ட பணம் சேர்ந்தது. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைச் சனங்கள் ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வி அன்றே எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது. எனக்கு அந்தச் சம்பவம் வேறொன்றையும் சொல்கிறது. புற்றுநோய் என்றதும் நம் மக்களின் மனம் நாடுவது, உடம்புக்குள் ஒளிந்திருப்பதைக் காட்டித்தரும் ஒரு கருவியை. அந்த நாட்டத்தை நான் மதிக்கிறேன். அதே நாட்டம் நாளை கண்டிக்கு ஒரு கருவி கேட்கும்போது எதைக் கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. மார்பகப் புற்றுநோய்க்கென்றே செய்யப்பட்ட நுண்கூர்மைப் பொசிட்ரோன் ஸ்கானை முன்னிறுத்திப் பேசுகிறேன். இலங்கைப் பெண்களிடையே ஆக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான் என்பதால் இந்தத் தேர்வுக்கு நான் காரணம் தேட வேண்டியதில்லை.

கருவி வேலை செய்யும் விதத்திலேயே என் வாதத்தின் பாதி இருக்கிறது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். நோயாளியின் நாளத்தில் ஏற்றப்படுவது ஒருவகைச் சீனி. குளுக்கோஸ் மூலக்கூறில் ஓர் இடத்தில் புளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்தியிருப்பார்கள், எப்.டி.ஜி. என்பது அதன் சுருக்கப் பெயர். புற்றுக் கலங்கள் சாதாரணக் கலங்களைவிடச் சீனியை அவாவோடு உறிஞ்சும் என்பதை விஞ்ஞானி ஒட்டோ வார்பர்க் 1920களிலேயே காட்டியிருந்தார். உறிஞ்சப்பட்ட இந்தப் போலிச் சீனி கலத்துக்குள் செரிக்க முடியாமல் தங்கிவிடும். தங்கிய இடத்தில் புளோரின் ஒரு பொசிட்ரோனை வெளிவிடும். பொசிட்ரோன் என்பது இலத்திரனின் எதிர்த்துணிக்கை. பௌதிகவியலாளர் டிராக் கணக்கில் கண்டதை அண்டர்சன் என்ற இன்னொரு பௌதிகவியலாளர் 1932இல் கண்ணால் கண்டார். அது சராசரியாக ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தூரம் ஓடி, எதிர்ப்படும் ஓர் இலத்திரனோடு சேர்ந்து அழியும். அழியும் கணத்தில் இரண்டு காமாக் கதிர்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிர்த்திசையில் பறக்கும். இரண்டு பக்கத்திலும் இருக்கும் உணரிகள் ஒரே கணத்தில் அவற்றைப் பிடித்தால், இந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டில் எங்கோ கட்டி இருக்கிறது என்று கொள்ளலாம். இப்படி இலட்சக்கணக்கான கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடமே படமாகிறது.

முழு உடம்பையும் பார்க்கும் வழக்கமான பெட் கருவியின் வளையம் ஏறத்தாழ 80 சென்டிமீற்றர் அகலம். அதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு கதிர்களும் நேர் எதிர்த்திசையில் போகின்றன என்றேன். உண்மையில் ஒரு பாகையின் சிறு பகுதி அளவுக்கு அவை கோணி நிற்கும். கோணல் சிறிதுதான், ஆனால் தூரம் கூடக் கூட அது பெருகும். 80 சென்டிமீற்றர் வளையத்தில் அதனால் வரும் கலங்கல் மட்டும் ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர். உணரிகளை 10 சென்டிமீற்றர் இடைவெளிக்குக் கொண்டுவந்தால் அதே கலங்கல் கால் மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். 1994இல் மொன்றியலில் கிறிஸ் தொம்சனும் ஏர்விங் வைன்பர்க்கும் கூட்டாளிகளோடு முன்வைத்த யோசனை இவ்வளவுதான்: மேமோகிராம் எடுப்பதுபோல மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கிடையே இலேசாகப் பிடித்து, உணரிகளை அந்தத் தட்டுகளிலேயே வைத்துவிடுவது. பின்னால் வந்த கருவிகளில் உணரிப் பளிங்குகள் 2 மில்லிமீற்றர் அகலத்துக்கு நுணுகின. பிடித்து வைத்திருப்பதால் மூச்சு ஏறி இறங்கும் அசைவும் படத்தைக் குழப்பாது. முழு உடம்புக் கருவி 4 முதல் 6 மில்லிமீற்றருக்குள் இருப்பதை ஒரே புள்ளியாகக் காணும்; இது 2 மில்லிமீற்றர் அளவிலேயே பிரித்துக் காணும். ஹந்தானையில் மூடுபனி இறங்கிய இரவில் தூரத்து லயத்து விளக்கு ஒரு மங்கிய வட்டமாகத்தான் தெரியும். கிட்டப் போனால் சுடரே தெரியும். சிறு கட்டி முழு உடம்பு ஸ்கானில் வெளிறித் தோன்றுவதும், பல நேரங்களில் தோன்றாமலே போவதும் அந்த விளக்கின் கதையே. மருந்தைக் கூட்டியோ மின்சாரத்தைக் கூட்டியோ இந்தத் தெளிவு வாங்கப்படவில்லை. உணரி கட்டிக்குக் கிட்ட வந்தது, தெளிவும் வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டியைப் பற்றிப் பேசும்போது திரும்பி வருவேன்.

இந்தக் கூர்மை எதற்குப் பயன்பட்டது என்பதில் மிகைப்படுத்தாமல் பேச வேண்டும். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மார்பகப் புற்றுநோய் ஏற்கெனவே உறுதியான 388 பெண்களுக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் எம்.ஆர்.ஐ. ஸ்கானையும் மார்பகப் பொசிட்ரோன் ஸ்கானையும் எடுத்து ஒப்பிட்டது. அவர்களில் 82 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு, முதலில் தெரிந்த கட்டிக்கு அப்பாலும் புற்று இருந்தது. அப்படியான மேலதிகக் கட்டிகளைப் பிடிப்பதில் எம்.ஆர்.ஐ. முந்தியது. புற்றல்லாததைப் புற்றென்று சொல்லிப் பயமுறுத்தாமல் இருப்பதில் பொசிட்ரோன் ஸ்கான் முந்தியது. ஒவ்வொரு தவறான சந்தேகமும் இன்னோர் ஊசி, இன்னொரு சதைப் பரிசோதனை, இன்னொரு மாதக் கலக்கம் என்பதை நினைத்தால் இது சிறிய நன்மையன்று. உடம்பில் உலோகம் வைத்தவர்களுக்கும், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க முடியாதவர்களுக்கும் இது ஒரு நல்ல மாற்று வழி. ஆனால் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிய கட்டி தட்டுகளுக்குள் வராமலே போகலாம். மெல்ல வளரும் சில புற்றுகளும், கலங்கள் கட்டியாகத் திரளாமல் வரிசையாகப் பரவும் லொபியூலர் வகையும் சீனியை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. அவை கண்ணில் படாமல் தப்பலாம். இரத்தத்தில் ஏற்கெனவே சீனி கூடியிருந்தால் அது இந்தப் போலிச் சீனியோடு போட்டியிடும். நீரிழிவு வீட்டுக்கு வீடு உள்ள நம் நாட்டில் இதை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிட முடியாது.

அடுத்தது கதிர்வீச்சு. ஊசியில் ஏற்றப்படுவது மார்பகத்தோடு நிற்காமல் உடம்பு முழுவதும் ஓடும். வழக்கமான அளவில் ஏற்றினால் ஒரு தடவைக்கு 6 முதல் 7 மில்லி சீவர்ட் வரை கதிர்வீச்சு கிடைக்கிறது. டிஜிற்றல் மேமோகிராமுக்கு அது அரை மில்லி சீவர்ட்டுக்கும் குறைவு. புற்று உள்ளவர் என்று தெரிந்த ஒரு பெண்ணுக்கு, எவ்வளவு வெட்டுவது என்று தீர்மானிக்க ஒருமுறை இதை எடுப்பதில் தவறில்லை. நோயற்ற ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வருடாவருடம் எடுப்பது வேறு கதை. அண்மைக் காலத்தில் அளவைக் குறைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. டொரன்டோவில் 25 பெண்களிடம் குறைந்த அளவு மருந்தோடு நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்த 25 கட்டிகளில் 24 புதிய கருவியிலும் தெரிந்தன. உணரி கிட்ட இருப்பதால் வீணாகும் கதிர்கள் குறைவு. அதனால்தான் குறைந்த மருந்து போதுமாயிற்று. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அந்த 25 பேருக்கும் புற்று இருப்பது முன்பே தெரியும். தெரிந்த கட்டியைக் காட்டுவதற்கும் தெரியாத கட்டியைக் கண்டுபிடிப்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆகவே என் முதல் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: நுண்கூர்மைப் பொசிட்ரோன் ஸ்கான் நோயைத் தேடும் கருவியன்று. நோய் உறுதியான பிறகு சத்திரசிகிச்சை நிபுணரின் கத்திக்கு வழிகாட்டும் கருவி.

இப்போது கண்டிக்கு வருவோம். புளோரின்-18இன் அரைவாழ்வுக்காலம் 110 நிமிடங்கள். சைக்கிளோற்றன் என்ற துகள்முடுக்கியில் அதைச் செய்தெடுத்த கணத்திலிருந்து ஒரு மணிநேரம் ஐம்பது நிமிடத்துக்கு ஒரு தடவை அது பாதியாகக் குறைந்துகொண்டே வரும். அதைக் கொழும்பிலேயே செய்தாலும் அங்கிருந்து கண்டிக்கு 115 கிலோமீற்றர். கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறி ஒன்று நின்றாலே மூன்றரை மணிநேரம் கடந்துவிடும். 220 நிமிடம் கழித்து வந்து சேரும் குப்பியில் புறப்பட்டதில் கால்பங்குதான் மிஞ்சும். அதாவது ஒரு நோயாளிக்கு நான்கு நோயாளிகளுக்குரிய மருந்தைச் செய்ய வேண்டும், அத்தனைக்கும் பணம் கட்ட வேண்டும். கடல் கடந்து வர வேண்டியிருந்தால் கணக்கு இன்னும் மோசம். மார்பகக் கருவி சிறியது, ஓர் அறைக்குள் அடங்கும், முழு உடம்புக் கருவியைவிட விலையும் குறைவு என்று சொல்லி அதைச் சிறு நகரங்களுக்குப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். கருவி சிறிதாகலாம், மருந்தின் ஆயுள் நீளாது. உணரியைக் கட்டிக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்த அறிவு, மருந்தை நோயாளிக்கு நூறு கிலோமீற்றருக்கு அப்பால் விட்டுவிட்டால் அதன் பெரும்பகுதிப் பயனைப் பாதையிலேயே கொட்டிவிடுகிறது.

இதே மலைநகரில் ஏற்கெனவே இருப்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். இங்கிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அணுமருத்துவப் பிரிவு பல வருடங்களாக இயங்குகிறது. அந்தத் துறையின் அன்றாட அணு டெக்னீசியம்-99எம். அதன் அரைவாழ்வுக்காலம் 6 மணிநேரம். அது வரும் விதம் இன்னும் வசதியானது. ஈயக் கவசத்துக்குள் மொலிப்டினம்-99 அடைத்த ஒரு சிறு பாத்திரம் விமானத்தில் வந்து மலையேறுகிறது. மொலிப்டினத்தின் அரைவாழ்வுக்காலம் 66 மணிநேரம். பாதையில் அரை நாள் போனாலும் நட்டம் சொற்பம். காலையில் தொழில்நுட்பவியலாளர் வெறுமையாக்கிய ஒரு குப்பியை அதன் வாயில் பொருத்துவார். உப்புநீர் உள்ளே இறங்கி டெக்னீசியத்தை மட்டும் கரைத்துக்கொண்டு குப்பியில் சேரும். அவர்கள் இதைப் பால் கறப்பது என்றே சொல்வார்கள். மறுநாள் காலை மடி மறுபடி நிறைந்திருக்கும். இந்த டெக்னீசியத்தைச் செஸ்டாமிபி என்ற மருந்தோடு சேர்த்து ஏற்றி, மார்பகத்தை இரண்டு உணரித் தட்டுகளுக்கிடையே இலேசாகப் பிடித்துப் படம் எடுக்கும் முறையும் உண்டு. மேயோ மருத்துவமனையில் அடர்ந்த மார்பகமுள்ள 1,585 பெண்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், மேமோகிராம் தவறவிட்ட புற்றுகளை இது 1,000 பேருக்கு 8.8 என்ற கணக்கில் கூடுதலாகப் பிடித்தது. அங்கே ஏற்றிய அளவுக்குக் கதிர்வீச்சு ஏறத்தாழ 2.4 மில்லி சீவர்ட். உலகத்தில் சராசரி மனிதருக்கு இயற்கையிலிருந்தே ஒரு வருடத்தில் கிடைக்கும் அளவு அது. பொசிட்ரோன் ஸ்கானின் அடிப்படைப் பாடம், அதாவது உணரியைக் கிட்டக் கொண்டுவருவது, இங்கும் பின்பற்றப்படுகிறது. வித்தியாசம், அணுவும் கிட்ட இருக்கிறது. கண்டிக்கு ஒரு மார்பக அணுப்படக் கருவி கேட்பதாயின் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் துணிபு. பொசிட்ரோன் கருவி அதன் பிறகு, மருந்து செய்யும் இடம் மலைக்கு இந்தப் பக்கம் வரும்போது வரட்டும்.

இதற்கு வரக்கூடிய வலுவான ஆட்சேபம் எனக்குத் தெரியும். கொழும்புக்குப் புதியது, கண்டிக்குப் பழையதா? வசதியுள்ளவருக்கு ஒன்று, தோட்டத்துப் பெண்ணுக்கு இன்னொன்றா? மலையக மக்களுக்கு எப்போதும் இரண்டாந்தரமே தரப்பட்டது என்ற வரலாற்றுக் காயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நான் அதை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தரத்தை அளக்கும் கோல் எது? படத்தின் மில்லிமீற்றரா, கட்டியைத் தொட்டுப் பார்த்த நாளுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களா? உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி இரண்டாவதையே கோலாக எடுத்திருக்கிறது: ஊடுருவும் வகைப் புற்றுகளில் 60 சதவீதத்தையாவது முதல் இரண்டு நிலைகளில் பிடிக்க வேண்டும், வைத்தியரிடம் வந்த 60 நாட்களுக்குள் நோயை உறுதிப்படுத்த வேண்டும், 80 சதவீதத்தினர் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். இந்த மூன்றில் எதற்கும் 2 மில்லிமீற்றர் கூர்மை தேவையில்லை. மூன்றுக்கும் தேவைப்படுவது கிட்ட ஓர் ஆள், கிட்ட ஓர் ஊசி, அந்த ஊசியில் வந்த சதையைப் பார்க்கக் கிட்ட ஒரு நோயியல் நிபுணர்.

ஆளின் கைக்கு என்ன பெறுமதி என்று கேட்பவர்களுக்கு மும்பை பதில் சொல்கிறது. டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி இருபது ஆண்டுகள் ஒன்றரை இலட்சம் பெண்களைத் தொடர்ந்து பார்த்தது. பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். அந்தப் பிரிவில் நோய் முந்திய நிலையிலேயே பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 15 சதவீதம்தான். அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் எச்சரிக்கிறது. இளம் பெண்களில் கை அவ்வளவாகப் பயன்படவில்லை என்பதை மறைக்கக் கூடாது. கையால் தடவிப் பிடிபடுவது ஒரு சென்டிமீற்றரோ அதற்கு மேலோ. பொசிட்ரோன் தட்டு அதில் பாதியையும் காணும். ஆனால் அந்தக் கை லயத்து வாசலுக்கு வரும். இலங்கையில் 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது; குடும்பநல உத்தியோகத்தர் வீடுவீடாகப் போகிறார். பல நாடுகள் இன்னும் கனவு காணும் ஓர் ஒழுங்கு இது. கண்டியைச் சுற்றிக் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் மடுல்கலையிலும் அந்த உத்தியோகத்தர் ஒரு கட்டியைக் கண்டு துண்டு எழுதிக் கொடுக்கும் கணத்தில்தான் உண்மையான தூரம் தொடங்குகிறது.

அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். துண்டு வாங்கிய கொழுந்துத் தொழிலாளி கண்டி தேசிய வைத்தியசாலைக்கு விடியற்காலை பஸ்ஸில் வருகிறாள். முதல் நாள் சத்திரசிகிச்சைக் கிளினிக். இன்னொரு நாள் அல்ட்ராசவுண்ட். வேறொரு நாள் ஊசி குத்திச் சதை எடுப்பது. பிறகு முடிவுக்கு ஒரு நாள். ஹோர்மோன் ஏற்பிகளையும் ஹெர்-2ஐயும் சோதித்த அறிக்கைக்கு மேலும் ஒரு நாள். ஒவ்வொரு நாளும் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை ஆள்கணக்குக்கு, போகாத நாள். போகாத நாளுக்குப் பேர், அதாவது நாட்சம்பளம், விழாது. கொழுந்துக் காலத்தில் அரைப்பேர் போனாலும் அது அடுப்பங்கரையில் தெரியும். கட்டி வலிக்காது என்பது வேறு, வலிக்காத ஒன்றுக்காக ஐந்து நாள் சம்பளத்தை விடச் சொல்கிறோம். மூன்றாம் தடவை அவள் வராமல் போனால், விழிப்புணர்வு போதவில்லை என்று எழுதுகிறோம். விழிப்புணர்வு அவளிடம் இருந்தது. துண்டை வாங்கிக்கொண்டு முதல் நாள் வந்தாளே! இவை ஐந்தும் ஒரே கட்டடத்தில், முடிந்தால் ஒரே நாளில் அல்லது இரண்டு நாளில் முடிவதுதான் கண்டிக்கு வேண்டிய முதல் கூர்மை.

இன்னோர் ஆட்சேபம் துறைக்குள்ளிருந்து வரும்: பெரிய கருவி வந்தால்தான் ஆட்கள் வருவார்கள், பௌதிகவியலாளர் பயிற்சி பெறுவார், மாணவர்கள் வெளிநாடு போகாமல் நிற்பார்கள், அடிப்படைக்காகக் காத்திருந்தால் ஒருபோதும் முன்னேற மாட்டோம். இதில் உண்மை இருக்கிறது. பேராதனையில் அணுமருத்துவம் வேரூன்றியதே யாரோ சிலர் காத்திருக்க மறுத்ததால்தான். ஆகவே நான் காத்திருக்கச் சொல்லவில்லை; கண்டியின் கேள்விக்குக் கண்டியில் விடை தேடச் சொல்கிறேன். நம் பெண்களுக்கு மேற்கு நாடுகளைவிட இளம் வயதில் இந்த நோய் வருகிறது. இளம் மார்பகம் அடர்ந்தது, அடர்ந்த மார்பகத்தில் மேமோகிராம் திணறும். அப்படியானால் கையால் கட்டி கண்டு, அல்ட்ராசவுண்டில் தெளியாமல், எம்.ஆர்.ஐ. திகதிக்கு மாதக்கணக்கில் நிற்கும் பெண்ணுக்கு டெக்னீசியப் படம் எவ்வளவு உதவும்? இந்தக் கேள்விக்கு மேயோவின் எண்கள் விடையாகா. இங்குள்ள பெண்களிடம், இங்குள்ள அணுவோடு, நேர்மையாகத் திட்டமிட்ட ஓர் ஆய்வே விடை தரும். ஓர் இளம் ஆராய்ச்சியாளரை இந்த மலையில் நிறுத்திவைக்க அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

நடைமுறையில் அது எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எப்.டி.ஜி. ஊசிக்கு நான்கு, ஐந்து மணிநேரம் பட்டினி கிடக்க வேண்டும். ஏற்றிய பிறகு ஒரு மணிநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். செஸ்டாமிபி ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் படம் தொடங்கலாம். பக்கத்துக்கு இரண்டு கோணம், கோணத்துக்குப் பத்து நிமிடம், நாற்பது நிமிடத்தில் வேலை முடியும். திங்கட்கிழமை வரும் மொலிப்டினப் பாத்திரத்தில் சனிக்கிழமையாகும்போது கால்பங்கே மிஞ்சும். ஆகவே தொலைவிலிருந்து வருபவர்களுக்கு வாரத்தின் முதல் பாதியைக் கொடுத்து, நகரத்தில் இருப்பவர்களைப் பின்பாதிக்கு அழைக்கலாம். தெல்தோட்டையிலிருந்து ஆறு மணி பஸ்ஸில் வந்தவள் பத்து மணிக்குப் படம் எடுத்து, பதினொரு மணிக்கு ஊசி குத்தி, பகல் பஸ்ஸைப் பிடிக்கலாம். கருவிக்கான செலவுத் திட்டத்தை எழுதும்போது உணரிக்கும் ஈயக் கவசத்துக்கும் குளிரூட்டிக்கும் பிறகு இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: கிளினிக் கொப்பியில் முத்திரை விழுந்த நாளுக்கு அவளுக்கு முழுப்பேர், அதோடு போகவர பஸ் காசு.